சனிக்கிழமைகளின் கதிர்வீச்சு அளவு

கதை எழுதுவோர் வரிசையில் வந்து நிற்கத் துணிந்ததற்காக வாசகர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். இதற்கு முன் நான் எழுதியவை எல்லாம் எக்ஸ்ரே உறைகளின் மேல் எழுதிய இரண்டிரண்டு வரிகளே: நோயாளியின் வயது, படமெடுத்த உறுப்பு. ஆகவே எங்கேனும் தடுமாறினால் பெரிய மனம் கொண்டு கடந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நானும் என் கணவரும் ஒரே மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் டெக்னீஷியன்களாக இருந்தவர்கள். நாளொன்றுக்கு அறுபது பேரிடம் "ஆடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அங்கே 'ஆடாதே' என்ற பட்டப்பெயர் அமைந்துவிட்டது. மணமான பின்னும் அவர் என்னை அப்படித்தான் அழைத்தார். "ஆடாதே, டீ போடவா?" என்பார். பெரியவள் பிறந்த ஆறாம் மாதம் நான் வேலையை விட்டேன். அவளுக்குப் பேச்சு வந்தபோது, குழந்தை குழம்பக் கூடாதென்று அவர் என்னை 'அம்மா' என்றும் நான் அவரை 'அப்பா' என்றும் அழைக்கத் தொடங்கினோம். சின்னவன் பிறப்பதற்குள் அதுவே நிலைத்துவிட்டது. ஒருமுறை குழந்தை மருத்துவரின் வரவேற்பறையில் பெயர் கேட்டபோது, "சின்னவனோட அம்மா" என்றேன்.

"அது தெரியுதுங்க, இடுப்புலயே இருக்கானே. உங்க பேரு?" என்றாள் அந்தப் பெண்.

நான் சிரித்தேன். பெயர் உடனே வாயில் வரவில்லை என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஐந்தாண்டுகளுக்கு மேல் வேலையிலிருந்து விலகியிருந்தால் பதிவு ரத்தாகிவிடும்; மறுபடி இரண்டாண்டு படிக்க வேண்டும். அதற்குள் திரும்ப விரும்புவோர் ஒரு திறன் தேர்வு எழுத வேண்டும். எனக்கு ஐந்தாண்டு நிறைய ஒரே மாதம் இருந்தது. அதற்குள் நடக்கும் கடைசித் தேர்வு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. ஒரு மாதம் முன்பே அவரிடம் சொன்னேன்.

"அன்னைக்கு எனக்கு டியூட்டியாச்சேம்மா. பசங்கள யாரு பாக்கறது? அடுத்த தடவ எழுதிக்கலாமே" என்றார்.

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் நான் நுழைவுச் சீட்டை அலமாரியில் வைத்துவிட்டு, போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, கதிர்வீச்சுத் தாள் வந்தது. இதைச் சற்று விளக்க அனுமதி வேண்டுகிறேன். எக்ஸ்ரே அறையில் வேலை செய்வோர் சட்டைக் காலரில் தீப்பெட்டியளவு பேட்ஜ் ஒன்றை அணிவார்கள். உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பது அதில் பதிவாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால், பெயருக்கு நேராக ஓர் எண் அச்சிட்ட தாள் திரும்பி வரும். எங்கள் இருவரின் தாள்களையும் ஒரே கோப்பில் சேர்ப்பது என் பழக்கம். நான் வேலையை விட்ட பின்னும் அவர் தம் தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைப்பார். நான் கோப்பில் செருகுவேன். அவரை வேறு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தப் பழக்கம்தான் காட்டிக்கொடுத்தது.

ஏழு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் அவருக்குக் கூடுதல் டியூட்டி. சக்கரம் வைத்த எக்ஸ்ரே கருவியை வார்டு வார்டாகத் தள்ளிச் சென்று, படுக்கையிலேயே நோயாளியைப் படமெடுக்கும் வேலை. ஈடாகப் பின்னால் விடுமுறை தருவார்கள் என்று சொல்லியிருந்தார். வார்டில் ஒளிந்து நிற்கத் தடுப்புச் சுவர் கிடையாது. அந்த வேலை பார்ப்பவரின் எண் எப்போதும் ஏறியே இருக்கும். என்னுடையதே ஒரு காலத்தில் இரட்டிப்பாக ஏறியது. அவருடைய எண்ணோ ஏறவில்லை. அந்த ஏழு மாதத்தில் வந்த அவருடைய இரண்டு தாள்களிலும், முந்தைய ஆண்டைவிடச் சிறிது இறங்கியே இருந்தது.

நான் நிலைகுலைந்து அமர்ந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். உண்மையில் அப்போது சின்னவன் பிஸ்கட்டைத் தண்ணீர் டம்ளருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான். மேசையைத் துடைத்தபடியே யோசித்தேன். பேட்ஜை அணிய மறந்திருக்கலாம். ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. வேறு கோணத்தில் இன்னொன்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாலையில் அவர் குளியலறையில் முக்காலியில் அமர்ந்து சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் துண்டுடன் வாசலில் நின்றேன்.

"ஏங்க, சனிக்கிழமை வார்டுக்குப் போறப்ப பேட்ஜ் போட்டுக்கறீங்கல்ல?"

"என்ன கேள்வி இது? பன்னெண்டு வருஷ சர்வீஸ்மா. அது இல்லாம படியேற மாட்டேன்."

"அப்ப ஏழு மாசமா வார்டுல எந்த மெஷினும் வேலை செய்யல போலிருக்கு."

அவர் கையிலிருந்த குவளை நின்றது.

"அப்பா! தம்பி கண்ணுல சோப்பு!" என்று பெரியவள் என் பின்னாலிருந்து கத்தினாள். அவர் அவசரமாகத் தண்ணீரை ஊற்றினார், என் முகத்தைப் பார்க்காமல்.

குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுக் கார்ட்டூன் முன் அமர்ந்ததும் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

"யாரு?"

"ஃபிசியோதெரபில இருக்கா. நீ நினைக்கற மாதிரி..."

"நான் என்ன நினைக்கறேன்னு எனக்கே இன்னும் தெரியல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கண் கலங்கியது. "நீ கடைசியா என்கிட்ட என்ன பேசினேன்னு யோசிச்சுப் பாரு. டயப்பர் தீந்துடுச்சு, ஜுரம் நூத்தியொண்ணு, குழாய் ஒழுகுது. அவ ஒருநாள் உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலம்மா. நானும்தான் காணாமப் போயிட்டேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

"சரி. ரெண்டு பேருமே காணாமப் போயிட்டோம். நீங்க மட்டும் வாராவாரம் போய்த் தேடியிருக்கீங்க. இந்த சனிக்கிழமை நான் போறேன்."

"எங்க?"

"தேர்வுக்கு. பசங்க உங்களோட. சின்னவன் பதினோரு மணிக்குத் தூங்குவான், முயல் பொம்மை வேணும். பெரியவ பல்லு ஆடுது, கடிக்கக் கெட்டியா எதுவும் குடுக்காதீங்க."

"வீடு இருக்கற இருப்புல இப்ப தேர்வுதான் முக்கியமா?"

"ஆமா."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பதை என்னைப் போன்ற பயந்த சுபாவமுள்ளவர்கள் அறிவார்கள்.

மறுநாள் அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்தார். "பச்சப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு இதப் பெருசு பண்ணாதம்மா. கொஞ்சம் சறுக்கிட்டான். நாமதான் புடிச்சு நிமித்தணும்."

"அண்ணி, நான் படம் மட்டும்தான் எடுப்பேன். நிமித்தறது ஃபிசியோதெரபில" என்றேன், மிகுந்த மரியாதையுடன். எதிர்முனையில் ஒரு விக்கல் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

சனிக்கிழமை ஏழே முக்காலுக்குக் கிளம்பினேன். அவர் இடுப்பில் சின்னவனுடன் வாசலில் நின்றார். சின்னவன் வீறிட்டான். திரும்பினால் போகமாட்டேன் என்று தெரிந்ததால் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

"எத்தனை மணிக்கு வருவ?" என்றார் மேலிருந்து.

"டியூட்டி முடிஞ்சதும்."

தேர்வறையில் இருந்தது எனக்குப் பழக்கமில்லாத புதிய கருவி. பொத்தான்கள் இருந்த இடத்தில் வெறும் திரை. "இரண்டு நிமிடம் இதைப் பார்த்துக்கொள்ளலாமா ஐயா?" என்று தேர்வாளரிடம் கேட்டேன்; தலையசைத்தார். மணிக்கட்டு, முழங்கால், கடைசியாக ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் மார்பு. பொம்மையின் தோள்களை நேர்ப்படுத்தி, தடுப்புக்குப் பின்னால் சென்று, "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை.

"பொம்மைக்கு ஏதும்மா மூச்சு?" என்றார் தேர்வாளர்.

"எனக்கு இருக்குதுங்க ஐயா."

அவர் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டார்.

அன்று மாலை கணவர் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகச் சொன்னார். இங்கே நான் இளகியிருக்க வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும், மன்னிக்கவும். அவரை நான் வெறுக்கவில்லை. ஆனால் அவர் விட்டதும் நான் மறுபடி வீட்டுக்குள் டயப்பர்க் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பேன், அவர் தலையாட்டிக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தனியே இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அவர் அடுத்த தெருவில் ஓர் அறைக்குப் போனார். தேர்வில் நான் தேறினேன். வேறொரு மருத்துவமனையில் காலை ஷிப்டு கிடைத்தது.

இழந்தவை இவை. ஒன்பதாண்டு மண வாழ்க்கை. நாலு ஆண்டு பதினொரு மாதப் பணிமூப்பு. அண்ணியின் பேச்சுவார்த்தை. வாரத்தில் மூன்று நாள், அவர் அறைக்குப் போய்விடும் குழந்தைகள். பெரியவளின் முதல் பல் அங்கே விழுந்தது, நான் பார்க்கவில்லை. சின்னவன் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசியபோது நான் வேலையில் இருந்தேன். "அப்பா, கதவைத் திற" என்றானாம். அவர்தான் சொன்னார்.