உள்ளேயே இருந்த சிம்

வண்டி எப்படி நசுங்கியது என்று ஓட்டுநர்கள் சொல்லும்போது நான் தலையை மட்டும் ஆட்டுவேன். "மெதுவாத்தான் மேடம் வந்தேன், அவன்தான் குறுக்க விட்டுட்டான்" என்பார்கள். "ம், சரி" என்பேன். அந்த "ம், சரி"க்கு நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. பம்பர் எந்தப் பக்கம் பிளந்திருக்கிறது, கதவில் எந்த நிறப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொள்வேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினோரு வருடமாகச் சேத மதிப்பீட்டாளர். என் கையெழுத்து விழாமல் ஒரு கண்ணாடியைக்கூட மாற்ற முடியாது. ஒர்க்‌ஷாப்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை "எக்ஸ்ரே" என்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

ஆறு மாதத்துக்கு முன் எங்களுக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். போனில் இருப்பதுபோல இதற்குள்ளேயே ஒரு சிம். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் கம்பெனியின் கணினிக்காரர். எப்போதும் கழுத்தில் ஒரு கேபிளை மாலைபோலப் போட்டுக்கொண்டு அலைவதால் அவருக்குப் பெயரே "ஒயர்".

"வைஃபை இருந்தா அதுல போகும் மேடம். இல்லேன்னா தானா சிம்முக்கு மாறிக்கும். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்" என்றார்.

"ஒண்ணுமே பண்ண வேண்டாம்" என்று யார் சொன்னாலும் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஆனால் இது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஒர்க்‌ஷாப் முதலாளிகள் நாற்காலியை இழுத்துப்போடும்போதே "வைஃபை பாஸ்வேர்டு வேணுமா மேடம்?" என்று குழைவார்கள். அவர்கள் வைஃபையில் நான் எழுதுவதை அவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் போதும், எண்ணெய்த் தரையில் நின்றுகொண்டே படத்தை அனுப்பிவிடலாம்.

போன திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. என் லேப்டாப் சிம்மில் ஒரு மாதத்துக்குப் பத்து ஜிபி அனுமதி. போன மாதம் அறுபத்தொன்று போயிருக்கிறது. மூன்று நாளில் காரணம் சொல்ல வேண்டும். வெளியாளுக்கு நானே கொடுத்திருந்தால் லேப்டாப் போய்விடும், நானும் வெளிவேலையை விட்டுக் கோப்பு அறைக்குத் திரும்ப வேண்டும். எனக்குத் தெரியாமல் யாராவது எடுத்து, அதை நானே கண்டுபிடித்துச் சொன்னால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

கோப்பு அறையில் நான் முதல் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. அடுத்தவர் பார்த்த வண்டிக்கு எண் போடும் வேலை. செத்தாலும் அங்கே திரும்பக் கூடாது என்று நினைத்தேன்.

கடிதத்தோடு தேதிவாரியாக ஒரு தாள் இணைத்திருந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு சனிக்கிழமைகளில் பதினொன்றிலிருந்து நாலுவரை ஐந்தைந்து ஜிபி. இரண்டு சனிக்கிழமையும் நான் என் அக்கா வீட்டில். வீட்டுக்காரர் அவருடைய மருந்துக்கடையில். அப்படியானால் வீட்டில் இருந்தது யார்? என் கொழுந்தன்.

வீட்டுக்காரரின் தம்பி. உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கிடங்கை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை எங்கள் முன்னறை சோபாவில் படுக்கை. வாய் அதிர்ந்து பேச மாட்டார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் "அண்ணி". இப்படி அடக்கமாக இருப்பவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. அதிலும் ஒரு மாதமாக ஒரு புதுப் பழக்கம். திங்கள் முதல் வெள்ளிவரை இஸ்திரி போட்ட சட்டையும் தோள்பையுமாகப் பத்து மணிக்குக் கிளம்பி நாலு மணிக்குத் திரும்புவார். எங்கே என்று கேட்டால், "சும்மா வெளிய, அண்ணி." சும்மா போகிறவர் சட்டைக்கு எதற்கு இஸ்திரி போடுகிறார்?

செவ்வாய்க்கிழமை காலையில் என் மேஜையைப் பரிசோதித்தேன். விசைகளுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் துணுக்கு. நான் இடப்பக்கம் விடும் சார்ஜர் ஒயர் வலப்பக்கம் கிடந்தது. மேஜையில் தூசியே இல்லை, யாரோ துடைத்திருக்கிறார்கள். தப்புப் பண்ணாதவன் எதற்குத் துடைக்கிறான். லேப்டாப்பை வேண்டுமென்றே வீட்டில் விட்டு, அதன் மூடியின்மேல் ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்துவிட்டு ஒன்பது மணிக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். திரும்பி வந்தால் பென்சில் பேனா டப்பாவுக்குள் நிற்கிறது. எனக்கு அது போதும்.

"அவன்கிட்டயே கேட்டுடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"கேட்டா இல்லேம்பாரு."

"இல்லேன்னா இல்லதானே?"

"ஆமா, உங்க தம்பி அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு."

"உனக்கு வீட்லயும் இன்ஸ்பெக்‌ஷன்தான்" என்று சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வேலை போனால் போகப்போவது என்னுடையது, அவருடையது இல்லை.

புதன்கிழமை மதியம் விளக்கத்தை அனுப்பினேன். சும்மா ஒரு கடிதமாக எழுத எனக்குக் கை வரவில்லை. சேத மதிப்பீட்டுப் படிவத்தையே எடுத்தேன். சம்பவம், பார்வையிட்ட விவரம், தடயங்கள், முடிவு. முடிவு என்ற இடத்தில் கொழுந்தன் பெயர். பிஸ்கட் துணுக்கின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்து இணைத்தேன். "மேற்படி நபர் தினமும் வெளியே செல்கிறார், எங்கே என்று சொல்வதில்லை" என்றும் ஒரு வரி. கீழே "நானே நேரில் ஆராய்ந்து உறுதி செய்தது" என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் கையெழுத்தும் உரிம எண்ணும் போட்டேன். அந்த வரிக்குக் கீழே போட்ட கையெழுத்து பொய் என்று தெரிந்தால் ஆறு மாதத்துக்கு உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் பார்க்காத வண்டியைப் பார்த்ததாக எழுதி மாட்டிக்கொண்டார். காட்டிக்கொடுத்ததே நான்தான்.

வியாழக்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டுப் பாராட்டினார். "பக்காவா பண்ணியிருக்கீங்க. உங்களுக்கு எச்சரிக்கை மட்டும்தான். அந்த ஆள் பேரை நம்ம லிஸ்ட்ல ஏத்திடுறோம். நம்மகிட்ட பதிவான எந்த ஒர்க்‌ஷாப்புலயும் இனிமே சேர்க்க மாட்டாங்க." எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தலைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. வெளியாள் தொட்ட லேப்டாப் என்பதால் ஒயரிடம் ஒரு தரம் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

ஒயர் அதைத் திறந்து பத்து நிமிடம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், உங்க வீட்ல வைஃபை இல்லையா?"

"இருக்கே."

"போன மாசம் ரெண்டாம் தேதியிலேர்ந்து இது அதுல ஒட்டவே இல்ல. பாஸ்வேர்டு தப்புன்னு வருது. அதனால எல்லாமே சிம்முலதான் போயிருக்கு."

"யாரு அனுப்பினது?"

"நீங்கதான். எல்லாம் உங்க நசுங்கின வண்டி வீடியோதான். போன மாசத்துலேர்ந்து வீடியோ கட்டாயம்னு சொன்னாங்கல்ல? அந்த ரெண்டு வாரமும் மொத்தத்தையும் சனிக்கிழமை காலையில போட்டு விட்டுட்டு, மூடாமயே போயிருக்கீங்க. அதுபாட்டுக்கு நாலு மணிவரைக்கும் ஏறியிருக்கு. வேற ஒரு கை இதுல படல மேடம். பட்டா தெரியும்."

திரையின் ஓரத்தைச் சுட்டிக் காட்டினார். விசிறிபோல இருக்க வேண்டிய வைஃபை குறி இல்லை. சிம்முக்கான, ஏணிபோல ஏறும் நாலு கோடுகள். ஒரு மாதமாக என் கண்ணெதிரே நின்றிருக்கிறது. எக்ஸ்ரே பார்க்கவில்லை.

இரண்டாம் தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு வீட்டு வைஃபை மந்தமாக இருந்தது. மாடி வீட்டுக்காரர்தான் திருட்டுத்தனமாக உபயோகிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அவருடைய சிரிப்பே சரியில்லை. உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். அவர் காதுக்குப் போனால் உறைக்க வேண்டும் என்று நன்றாக யோசித்து ஒன்று வைத்தேன். என் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் போட்டேன். லேப்டாப்பில் போட மறந்துவிட்டேன். அது நின்றிருந்தால் ஞாபகம் வந்திருக்கும். அது நிற்கவே இல்லையே, சத்தம் போடாமல் சிம்முக்குத் தாவிவிட்டதே.

"நான் 'சோதிச்சாச்சு'ன்னு மட்டும் எழுதி வெச்சிடவா?" என்றார் ஒயர், மெதுவாக. "வேற யாரும் இதைத் திறந்து பார்க்கப் போறதில்ல. உங்க இஷ்டம்."

"அப்படியே எழுதுங்க" என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

பேருந்தில் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொழுந்தனுக்கு இந்தப் பட்டியல் விஷயம் தெரியவே போவதில்லை. உலகத்தில் எத்தனையோ வேலை இருக்கிறது. எங்கேயோ ஊர் சுற்றுகிறவருக்காக நான் ஏன் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார வேண்டும்?

நாலு மணிக்கு அவர் வந்தார். செருப்பை ஓரமாக விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். அவர் வீட்டைப் பெருக்குவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தால்தானே. சோபாவுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், பிறகு என் மேஜைக்குக் கீழே. சார்ஜர் ஒயரை வலப்பக்கம் ஒதுக்கினார். மேஜையைத் துடைத்தார். கிடந்த பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டார்.

"தினமும் எங்க போறீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே விசாரணைபோலத்தான் கேட்டது.

"லைப்ரரிக்கு அண்ணி."

"எதுக்கு?"

"அங்க நெட் இருக்கு. வேலைக்கு எழுதிப் போடணும்ல." துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "இங்க பாஸ்வேர்டு மாறிடுச்சு."

"என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

அவர் துணியை உதறி ஜன்னல் கம்பியில் போட்டார். "நீங்களா சொல்லலியே அண்ணி. அண்ணன் போன்ல இருந்துச்சு, எனக்கு இல்ல. அதுலயே புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். இருக்குறதே உங்க வீட்ல. இதுல நெட்டு வேற கேக்கணுமா?"

சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார். "ஆனா இன்னிக்குக் கேக்கலாம்னுதான் வந்தேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு வீடியோல இன்டர்வியூ. லைப்ரரில பேச விட மாட்டாங்க. ஒரு நாளைக்கு மட்டும் போதும்."

"எந்த இடம்?"

சொன்னார். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்பின் உதிரிபாக ஸ்டோர். மாதத்தில் நாலு தடவை நான் போகிற இடம். எங்கள் கம்பெனியில் பதிவான ஒர்க்‌ஷாப்களில் முதலாவது.

எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. நேராக மேஜையில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். சிம்மை அன்று காலையே நிறுத்தியிருந்தார்கள். இணைப்பு இல்லை என்று வந்தது. வீட்டு வைஃபையைத் தட்டியதும் பாஸ்வேர்டு கேட்டது. ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டது. அடித்தேன். விசிறிக் குறி வந்தது.

மேலாளருக்கு எழுதினேன். புதன்கிழமை நான் கையெழுத்திட்ட அறிக்கை தவறு. அதில் சொன்ன நபர் லேப்டாப்பைத் தொடவே இல்லை. அறுபத்தொரு ஜிபியும் என் கவனக்குறைவு. அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் முடிவை எழுதினேன். அவர் பெயரை இன்றே பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். என் உரிமம் பற்றிய நடவடிக்கைக்குச் சம்மதிக்கிறேன். ஆறு மாதம். அடுத்தவர் பார்த்த வண்டிகளுக்கு எண். அனுப்பிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் மேலாளரிடமிருந்து பதில் வந்தது. பெயரை எடுத்துவிட்டார்கள். நான் திங்கட்கிழமை உரிம அட்டையை ஒப்படைக்க வேண்டும். பாராட்டு எதுவும் இல்லை.

கொழுந்தன் அதற்குள் மேஜைப் பக்கம் வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். நாளைக்கு அவர் அந்தக் கேமராவின் முன்னால் உட்கார வேண்டும், இன்டர்வியூ முடியட்டும் என்று விட்டேன்.

"சொல்லுங்க அண்ணி, அடிச்சிக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "குடுங்க, நானே போட்டுத் தரேன்" என்று போனை வாங்கினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போனது. அவர் குனிந்து, நான் அடிப்பது தெரியும்படி எழுத்துகளைக் காட்டும் கண் குறியைத் தொட்டார். மூன்றாவது தடவை அடித்தேன். இடைவெளி இல்லாமல், இங்கிலீஷ் எழுத்துகளில், பளிச்சென்று நின்றது. ஓசிக்குக் கிடையாது.

இருவரும் அதைப் பார்த்தோம்.

"இது மாடி வீட்டுக்காரருக்காக வெச்சது" என்றேன். "சத்தியமா. அவரு நம்ம நெட்டை எடுக்குறாருன்னுதான் மாத்தினேன். உங்களை நெனச்சு இல்ல."

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த மாதம் முழுவதிலும் நான் பேசிய சுத்தமான உண்மை அதுதான்.

கொழுந்தன் போனை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

"ம், சரி அண்ணி" என்றார்.