நாற்பது பெட்டிகளும் ஒரு வெள்ளிக்காசும்

1

நான் வாயைத் திறக்காமல் நின்ற இரண்டு நிமிடத்தில் பிறந்த கதை இது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது தடவையாக ஆரம்பிக்கிறேன்.

(பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு இருக்கிறது, அதன் கரையில் ஆமைகள்... வேண்டாம். வாசகர் அங்கேயே தங்கிவிடுவார்.)

2

முதலாளி சென்னியப்பனுக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் பரிசாகக் கொடுத்த காசு. ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் கடலாமை. வெளியிட்டது அந்தத் தீவு நாடு.*

* அந்நாட்டு ஜனம் மொத்தமும் எங்கள் ஊர் கம்பெனி பஸ்களில் உட்கார்ந்துவிடும். இந்தக் காசைக் கொடுத்து அங்கே யாரும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியிருக்க மாட்டார்கள்.

அன்று பேக்கிங்கில் ஆமைப் படம் போட்ட குழந்தை பனியன்கள். முதலாளி ஒரு பனியன்மேல் காசை வைத்துப் போட்டோ எடுத்தார். போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போனார். திரும்பி வந்தபோது காசைக் காணோம். அந்த மேசையில் மடித்துக்கொண்டிருந்தவள் வேல்விழி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்.

3

எழுதும்போது அவளை அழவைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் அழவில்லை. பையைத் தானே தரையில் கொட்டினாள்.

"நான் எடுக்கல சார். பனியனோட சேந்து பெட்டிக்குள்ள போயிருக்கும். பிரிச்சுப் பாருங்க."

நாற்பது பெட்டி. தூத்துக்குடி லாரி வாசலில் நின்றது. பிரிக்க நேரமில்லை என்று அத்தனையையும் மறுபடி ஊசி மிஷினில் விட்டார்கள். குழந்தைத் துணியில் உடைந்த ஊசி சிக்கியிருந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் மிஷின். ஒரு பெட்டிக்கும் கத்தவில்லை.

"பொட்டீல இல்லீங்க அம்மிணி. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க," என்றார் சென்னியப்பன். திருடி என்பதைக்கூட எங்கள் ஊரில் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

4

ஆறு தடவையும் இங்கேதான் நின்றுபோனேன்.

தினமும் காலையில் அந்த மிஷினைச் சோதிக்கிறவன் நான். அது இரும்புக்குத்தான் கத்தும். வெள்ளிக்குக் கத்தாது. சொன்னால் பெட்டிகளைப் பிரிக்க வேண்டும், லாரி தாமதமாகும், கப்பல் போய்விடும், பழி என் தலையில் விழும். சொல்லவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு முடிவில் காசு எங்கோ ஒரு குழந்தையின் கையில் கிடைக்கிறது. (அழகாகத்தான் வந்தது. கிழித்துப் போட்டேன். வேல்விழிக்கு அதனால் என்ன லாபம்?) இன்னொன்றில் நான் பேசுகிறேன்: "சார், அந்த மிஷின்..." பொய். மேலே எழுத வரவில்லை.

5

ஆகவே கதையை இங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கிறேன். வேல்விழி குனிந்து சீப்பையும் பஸ் பாஸையும் பொறுக்குகிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள். லாரிக்காரர் வண்டியைக் கிளப்புகிறார்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்த ஷெட்டில் இப்போது இரண்டு பேர், நானும் நீங்களும். நான் பேசப்போவதில்லை.