எண்பத்துமூணு, மூணாவது கல்லு

அப்பாவின் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்ட் போகவே இல்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மகள் மறுபடியும் அழுத்தித் துடைத்தாள்.

"விடு பாப்பா," என்றார் ரோலர். "அது அவர் கை நிறமாவே ஆயிடுச்சு."

ரோலர் அப்பாவோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ரோடு உருளை ஓட்டியதால் அந்தப் பெயர். அப்பா சாலை ஆய்வாளர். இருவரும் கட்டிக் காத்த மாநில நெடுஞ்சாலை மொத்தமே நாலு கிலோமீட்டர். ரயில் நிலையத்திலிருந்து மில் வாசல் வரை. மில் லாரிகளுக்காகப் போட்டது. சைக்கிளில் ஏறி சீட்டைச் சரிசெய்வதற்குள் தீர்ந்துவிடும், அதற்கு இந்த மனுஷன் செய்த அலப்பறை இருக்கிறதே என்று ரோலர் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மில் மூடியது. ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை வந்தது. ஒரு பக்க உத்தரவில் அந்த எண்பத்துமூன்றாம் எண் நெடுஞ்சாலை பட்டியலிலிருந்து போயிற்று. நகராட்சி அதை வாங்கி, பூங்கா வீதி என்று பலகை வைத்தது. பூங்கா எதுவும் கிடையாது. அப்பா கடைசிவரை அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை. வாசலில் இருந்த மூன்றாவது கிலோமீட்டர் கல்லுக்கு வருஷா வருஷம் தானே பெயின்ட் அடித்தார். நேற்று சாயங்காலமும் அடித்தார். வீட்டில் எல்லோருக்கும் முகவரி ஒன்றுதான்: எண்பத்துமூணு, மூணாவது கல்லு. எரிச்சல் வரும்போது அம்மா, "மூத்த சம்சாரத்தைப் பாத்துட்டு வந்தாச்சா?" என்பாள்.

இன்று காலை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அம்மா அவர் தலையை மடியில் தாங்கியிருக்க, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்த மகளின் வாயில் அந்த முகவரிதான் வந்தது.

எண்பத்துமூன்று என்ற எண்ணை ஆறு மாதத்துக்கு முன்பே வேறொரு சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு அந்தப் பக்கம். வண்டி அங்கே மூன்றாவது கல்லருகே வெட்டவெளியில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போன் அடிப்பது அவள் காதில் விழாமல் இல்லை. இரண்டு கையும் அப்பாவின் நெஞ்சில் இருந்தன. அம்மா வாசலுக்குப் போய் வழி பார்த்து நின்றாள்.

நாற்பது நிமிஷம் கழித்து வந்த டிரைவர், போகும்போது தாழ்ந்த குரலில் அவளிடம் மட்டும் சொன்னார். "அட்ரஸ் மாத்திச் சொல்லிட்டீங்கம்மா."

மதியம் வெளியூரிலிருந்து அண்ணன் வந்தான். அப்பாவின் கால்மாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டான். அவள் சொன்னாள்.

"ஏன் அவ்ளோ நேரம்?"

துணியை நாலாக மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். "ரோட்டுல கூட்டம்ணா."

"காலைல ஏழு மணிக்கா? எங்கயோ வண்டிய நிறுத்தி டீ குடிச்சிருப்பான். அவன சும்மா விடக்கூடாது."

ஆம்புலன்ஸ் நம்பரை அவளிடம் கேட்டு, போனில் புகார் எழுத ஆரம்பித்தான். காலையிலிருந்து பேசாத அம்மா சுவரில் சாய்ந்து அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளின் போன் அடித்தது. அமரர் ஊர்தி டிரைவர். ரயில் நிலையத்தில் நிற்கிறாராம், எங்கே வரவேண்டும் என்று கேட்டார். மறுமுனையில் அவர் இரண்டு முறை ஹலோ சொன்னார்.

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"பூங்கா வீதிங்க," என்றாள். அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் முதல்முறையாக ஒலித்தது. "பழைய மில்லுக்குப் போற வழி. பூங்கா வீதின்னே கேளுங்க."

மகளைப் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மகனிடம், "எழுதுனத அழிச்சிடு," என்றாள்.

"ஏம்மா?"

அம்மா மகளின் கையிலிருந்த துணியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

ரோலர் எழுந்து நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கினார். அப்போதே வாசலில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. அம்மா தலையைத் தூக்கிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

போனை வைத்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.