அரைக் கரண்டி உப்பு

அன்று வீட்டில் இருந்தவர்கள்:

அம்மா. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். போன குளிர்காலக் கடைசியில் வந்த காய்ச்சல் அவளுடைய மூக்கையும் நாக்கையும் கொண்டுபோய்விட்டது. வாசனை தெரியாது, ருசி தெரியாது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, வாய் உட்பட.

அக்கா. மருந்துக்கடையில் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் பாட்டிலைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்ப்பாள். அன்றும் செருப்பைக் கழற்றியதும் நேரே எங்கள் ஃபிரிட்ஜைத்தான் திறந்தாள்.

மாமா. அக்காவின் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்குப் பொய் சொல்ல வராது. மற்ற விஷயங்களில் முயற்சி செய்து மாட்டிக்கொள்வார்.

நான். கல்லூரியைப் பாதியில் விட்டவன். பார்சல் கிடங்கில் இரவு வேலை, பகலில் தூக்கம். வீட்டில் என் பெயர் ஆந்தை.

வெயில் காலம் முழுக்க நாங்கள் ஓவனைத் தொடுவதில்லை. சமையலறை சின்னது, ஜன்னல் அதைவிடச் சின்னது. குளிர் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் அடுக்கியிருக்கும் பாத்திரங்களை இறக்கி, துடைத்து, பற்றவைப்போம். அக்காவும் மாமாவும் வருவார்கள். பூசணி சூப், ரொட்டி, ஆப்பிள் கேக். மார்க்கெட்டில் அப்போதுதான் பூசணியும் ஆப்பிளும் வந்து குவியும். அதைத் தாண்டி இதற்கு ஒரு காரணமும் கிடையாது.

இந்தத் தடவை காரணம் இருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா சொல்லாமல் வந்தாள். கதவைத் திறந்ததும் வீடெல்லாம் கேஸ் வாசனை. காற்றில் அடுப்பு அணைந்திருக்கிறது, திருகு திறந்தே இருந்திருக்கிறது. அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஜன்னலைத் திறந்து, திருகை மூடி, என்னை உதைத்து எழுப்பினாள். அன்றே தன் வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து கட்டில் போட்டுவிட்டாள். அம்மா அங்கே வந்து இருக்க வேண்டும், இந்தச் சமையலறையைப் பூட்ட வேண்டும். ஃபோனிலும் நேரிலும் அதே பேச்சு.

அம்மா கடைசியில் ஒரு பந்தயம் கட்டினாள். குளிர் வரட்டும், எப்போதும்போல எல்லாம் நானே செய்கிறேன், நீ வந்து சாப்பிட்டுப் பார். எதுவும் கெடவில்லை என்றால் குளிர் முடியும்வரை இந்தப் பேச்சு கூடாது. ஒன்று கெட்டாலும் பெட்டியைக் கட்டுகிறேன். அக்கா ஒத்துக்கொண்டாள். தோற்க மாட்டோம் என்று நினைத்திருப்பாள்.

அம்மாவுக்கு எங்கள் வீடு பெரிய சொர்க்கம் ஒன்றுமில்லை. குழாய் சொட்டும், மாடிக்காரன் நாற்காலியை இழுப்பான். ஆனால் காலையில் எழுந்து யாரையும் கேட்காமல் ஒரு பாத்திரத்தை அடுப்பில் வைக்கலாம். மகள் வீட்டில் ஒரு டீ போடுவதற்கும், "போடட்டுமா?" என்று கேட்க வேண்டியிருக்கும். அதுதான் அவளுக்கு ஆகாது. என்னிடம் அவள் இதைச் சொன்னது அவ்வளவுதான், அதுவும் ஒரே தடவை.

இங்கே நான் செய்துவந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு அம்மா உப்புப் போடப் பயந்தாள். கொஞ்சமாகப் போடுவாள். நான் எழுந்து வந்ததும், அவள் முதுகு திரும்பிய நேரத்தில் மீதியை நான் போட்டுவிடுவேன். பிறகு சாப்பிட உட்காருவேன். அவள் எதிரில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். நான் பேசாமல் சாப்பிடுவேன். அவள் நிம்மதியாகத் தன் தட்டை எடுப்பாள். கேட்டுப் பதில் வாங்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. முகம் போதும்.

அன்று காலை வேலை ஒழுங்காகவே நடந்தது. அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வைத்து, நுரை கட்டியதும் மாவைப் பிசையத் தொடங்கினாள். அவளுடைய கைக்கு எந்தக் குறையும் இல்லை. உள்ளங்கையால் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ளினாள். மாமா ஆப்பிள் தோல் சீவினார். ஒயர் உறை உரிக்கிற மாதிரி ஒரே சுருளாக வந்தது. அக்கா பூசணியை வெட்டப் போய், கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. இது உங்க டிபார்ட்மென்ட்தான் என்று மாமாவிடம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கம்ப்ளெயின்ட் எடுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் வெட்டிக் கொடுத்தார். நான் பாத்திரம் கழுவினேன். எனக்கு எப்போதும் அந்த வேலைதான்.

சூப் கொதித்து வந்தது. அம்மா அரைக் கரண்டி உப்புப் போட்டு மூடிவிட்டு, கேக் தட்டைத் துடைக்க மேஜைப் பக்கம் போனாள். மாமாவும் நானும் உள்ளறையிலிருந்து நாற்காலிகளை எடுத்துவரப் போனோம். அந்த நேரத்தில் அக்கா மூடியைத் திறந்து ருசி பார்த்திருக்கிறாள். சப்பென்று இருந்திருக்கிறது. பந்தயத்தில் ஜெயிக்க வந்தவள், பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவள் உப்பு டப்பாவை எடுத்து அரைக் கரண்டி போட்டுக் கலக்கியிருக்கிறாள். தன் புருஷன் முன்னால் அம்மா தலைகுனிய வேண்டாம் என்று அந்த நேரத்தில் தோன்றியதாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவள் நகர்ந்ததும் நான் போனேன். நான் ருசி பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். பழகிய கை. மீதி அரைக் கரண்டி என்று நினைத்துப் போட்டேன். பந்தய நாள் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

கேக் நன்றாக வந்தது. நடுவில் குச்சியைக் குத்தி எடுத்து, ஒட்டவில்லை என்று எல்லோருக்கும் காட்டினாள் அம்மா. அக்கா தலையாட்டினாள். பிறகு அம்மா ஓவன் சூட்டைக் கூட்டி வைத்து ரொட்டியை உள்ளே தள்ளினாள். ஓவனின் மணி அடிப்பதை நிறுத்தி வெகுநாளாகிறது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எடுப்பாள். ரொட்டி ஆவதற்குள் சூப்பைத் தொடங்கிவிடலாம் என்று பரிமாறிவிட்டு, எங்கள் மூன்று பேர் முகமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

நான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். வைத்ததும் தெரிந்துவிட்டது. விழுங்கினேன். முகத்தை அசைக்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவளும் அசைக்கவில்லை, ஆனால் கழுத்து நரம்பு புடைத்தது. தான் போட்டதுதான் அதிகமாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். நான் போட்டதுதான் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு குடித்தோம்.

மாமா முதல் வாய்க்கே தண்ணீர் எடுத்தார். இரண்டாவது வாய்க்கும் எடுத்தார். ஜக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அக்கா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்.

அம்மா எங்கள் முகத்தை விட்டுவிட்டு ஜக்கைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, உப்பா?"

மாமா அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதவி ஒன்றும் கிடைக்கவில்லை.

"கடல்ல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு அத்தை."

அம்மா உப்பு டப்பாவை எடுத்துவந்து, அதிலிருந்த கரண்டியை மேஜை மேல் வைத்தாள். தான் போட்டது இதில் பாதி, எப்போதும் போடுவது அவ்வளவுதான் என்றாள். அவ்வளவு உப்புக்கு ஒரு மனுஷன் ஒரு ஜக் தண்ணீர் குடிக்க மாட்டான் என்றும் சொன்னாள். டிப்போவில் சில்லறைக் கணக்கு இடிக்கும்போது இப்படித்தான் கேட்டிருப்பாள் போல, குரலே உயரவில்லை.

அக்காதான் முதலில் வாய் திறந்தாள். அரைக் கரண்டி நான் போட்டேன், சப்பென்று இருந்தது, அதனால்தான் என்றாள். சொல்லிவிட்டு, அப்படியும் இவ்வளவு ஆகாதே என்று என் பக்கம் திரும்பினாள்.

"டேய் ஆந்தை. நீயுமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"இன்னிக்கு மட்டுமா?" என்றாள் அம்மா.

இல்லை என்றேன். காய்ச்சலிலிருந்து தினமும் என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு, உரக்கப் பேசாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காய்ச்சல் விட்ட மறுநாள் பயந்துபோய்ப் பாதிதான் போட்டாளாம். என் முகத்தைப் பார்த்தாளாம். நான் பேசாமல் சாப்பிட்டேனாம். சரி, இதுதான் அளவு, முன்பெல்லாம் அதிகம் போட்டுக்கொண்டிருந்தோம் போல என்று நினைத்து, அன்றிலிருந்து கையை அதற்கே பழக்கிக்கொண்டாளாம்.

"நாக்கு போன பின்னாடி எனக்கு இருந்தது உன் மூஞ்சி ஒண்ணுதான். நீ சரி பண்ணிச் சரி பண்ணி எனக்குத் தப்பாவே கத்துக் குடுத்திருக்க."

உனக்காகத்தானே செய்தேன் என்றேன்.

"எனக்காகன்னா என்கிட்ட சொல்லியிருப்ப. பேச்சு வளர வேணாம், போய்ப் படுக்கலாம்னு செஞ்ச."



அக்கா இடையில் புகுந்தாள். இதற்குத்தான் நான் அப்போதே சொன்னேன், இவனை நம்பி நீ இங்கே இருக்க முடியாது என்று ஆரம்பித்தாள். கேஸ் வாசனை, மழைநாள், கட்டில் எல்லாம் வரிசையாக வந்தன. அம்மா பந்தயத்தைப் பற்றிக் கேட்டாள். சட்டியில் கை வைத்தது யார், வைத்தவளே கெட்டுவிட்டது என்று சொல்ல முடியுமா என்றாள். அக்கா அது வேறு, இது வேறு என்றாள். இரண்டு பேரும் சமமாகக் கத்தினார்கள். நானும் நடுவில் ஏதோ கத்தினேன்.

மாமா மெதுவாகக் கையை உயர்த்தினார், வகுப்பில் அனுமதி கேட்கிற பையன் மாதிரி.

"ரொட்டி கருகுது."

ஓவனைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. ரொட்டியின் மேல்பக்கம் தார் ரோடு. அம்மா துணியைச் சுற்றித் தட்டை வெளியே எடுத்து, சிங்க்கில் போட்டாள். தண்ணீர் பட்டதும் சீறியது. எப்போதிலிருந்து வாசனை வந்தது என்று அக்கா மாமாவைக் கேட்டாள். கொஞ்ச நேரமாகவே வந்தது, நீங்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தீர்கள், நடுவில் பேச வேண்டாம் என்று இருந்தேன் என்றார் அவர்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"மூணு நல்ல மூக்கு இருக்கு இந்த வீட்ல. ஒண்ணாவது வேலை செஞ்சுதா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே புகை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தாமல் பேசினாள். எனக்குப் பயமா இருக்கும்மா, ஃபோன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கு என்றாள். பயப்படுவது சரிதான் என்று அம்மா ஒத்துக்கொண்டாள். பிறகு மாமாவிடம், கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி இருக்கிறதாமே, அதை மாட்டத் தெரியுமா என்று கேட்டாள். லிஃப்ட்டையே மாட்டுகிறேன் அத்தை என்றார் மாமா. புகைக்கும் ஒன்று சேர்த்து வாங்கிவரச் சொன்னாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த மேஜையை விட்டு எழக் காரணம் கிடைத்ததே போதும் என்று இருந்தது அவருக்கு.

"அப்ப இங்கதான் இருப்பேங்கற" என்றாள் அக்கா.

"இருப்பேன். நீ கட்டில் போட்ட ரூம் காலியாத்தானே இருக்கு? இவனக் கூட்டிட்டுப் போ."

நான் சூப் கிண்ணத்தை அப்போதுதான் கையில் எடுத்திருந்தேன். கீழே வைத்தேன்.

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிடங்கு அக்கா வீட்டுக்குப் பக்கம். இரவில் நான் இங்கே இல்லை, பகலில் இருந்தும் இல்லை. கேஸ் திறந்து கிடந்த அன்று என்னால் ஆனது என்ன என்று கேட்டாள். நான் இருக்கும்வரை அவளால் சரியாகச் சமைக்க முடியாது. சட்டியில் நான் கை வைக்கிறேனா இல்லையா என்று சந்தேகத்திலேயே இருக்க வேண்டும். அளவுகளை முதலிலிருந்து பிடிக்க வேண்டும், அதற்குக் குறுக்கே ஆள் கூடாது.

எது சரி என்று யார் சொல்வார்கள் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை வருவார். அவருக்கு மூஞ்சியில ஒளிக்கத் தெரியாது."

தினமும் மாலை ஃபோன் செய்ய வேண்டும் என்றாள் அக்கா, அம்மா சரி என்றாள். குளிர் முடிந்ததும் மறுபடி பேசலாம் என்றாள், அதற்கும் சரி என்றாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமா இரண்டு கருவிகளோடு வந்து, அடுப்புக்கு அருகில் ஒன்றும் கூரையில் ஒன்றும் மாட்டினார். லைட்டரைப் பற்றவைக்காமல் அழுத்தி வாயுவை மட்டும் கேஸ் கருவிக்குக் காட்டினார். கருவி கத்தியது. மாடிக்காரன் நாற்காலி இழுப்பதை நிறுத்தினான். அம்மாவுக்குத் திருப்தி.

சூப்பில் பாதியை எடுத்துத் தனியாக வைத்து, மீதியில் தண்ணீரும் உப்பில்லாமல் வேகவைத்த பூசணியும் சேர்த்து மறுபடி கொதிக்கவிட்டாள். மாமா குடித்துப் பார்த்தார். இந்தத் தடவை ஜக்கைத் தொடவில்லை. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்போதுதான் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள். கேக்கை எல்லோரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. சொன்னேன். அவள் என்னை நம்பாமல் மாமாவைப் பார்த்தாள். அவர் இரண்டாவது துண்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சட்டைகளும் வேலை பூட்ஸும்தான் சாமான். ஒரு பையில் அடங்கிவிட்டன. கோபம் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் எந்த இடம் தப்பு என்று தேடினேன், கிடைக்கவில்லை. அக்காவும் மாமாவும் படியில் இறங்கிவிட்டார்கள். மீதிக் கேக்கை டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாள் அம்மா.

"அங்க போய் அவ சட்டியில கை வைக்காத."

வைக்க மாட்டேன் என்றேன். வாசலைத் தாண்டினேன். ஒரு சொல் சேர்க்கலாமா என்று திரும்பினேன். அவள் ஏற்கெனவே கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கதவு மூடியது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது, அதன் பிறகு சாவி ஒருமுறை திரும்பியது.