அனந்தநாதன் போட்ட பென்சில் கோடுகள்

மழை விட்டால் மற்ற கடைக்காரர்கள் தெருவில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து அலுத்துக்கொள்வார்கள். அனந்தநாதன் மட்டும் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவார். அங்கேதான் அவருடைய பட்டுக்கடையின் சரக்கறை. அதற்கு மேலே மொட்டைமாடி. மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில், சரக்கறைக்குள்ளிருந்து தெரியும் தளத்தின் அடிப்பக்கத்தில், பத்துப் பைசா நாணய அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பார். அடுத்த மழையில் கறை கோட்டுக்குள் அடங்கியிருந்தால் கடையில் எல்லாருக்கும் காப்பி. தாண்டியிருந்தால் ஏணி மேலேயே முகம் சுண்டிப்போகும், புதுக்கோடு விழும். "தளத்துக்கு ஜாதகம் எழுதிக்கினு இருக்காருப்பா" என்று பக்கத்துக் கடை வரதராஜன் கிண்டல் பண்ணுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் அனந்தநாதன் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் மனைவி மதனவதிதான் கடையைப் பார்த்துக்கொண்டாள். தீபாவளிக்கு முன்னால் கடை முழுக்க வெள்ளையடித்தாலும் அந்த மூலையில் யாரும் கைவைக்கக் கூடாது. மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் மாடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள். அந்தப் பொடி எழுத்தைக் கீழேயிருந்து படிக்க முடியாது. அவர் கை எழுதியது, அவளுக்கு அது போதும். சுண்ணாம்புத் தூள் படிந்த தலையோடு அவர் ஏணியில் நிற்பது அப்படியே கண்ணில் நிற்கும்.

இரண்டு வருஷம் கழித்து ஐப்பசியில், சரக்கறை மேல்தட்டிலிருந்து எடுத்த முகூர்த்தப் புடவை ஒன்று சில்லென்றிருந்தது. ஜரிகை கறுத்திருந்தது. மதனவதி உடனே கொத்தனார் சாமுவேலுக்கு ஆள் அனுப்பினாள்.

சாமுவேல் மொட்டைமாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏணி போட்டு உள்ளே மூலையையும் பார்த்தார்.

"மேல குழா வாயாண்ட புல்லு மொளைச்சிருக்குதும்மா. தட்டினா பொக்குபொக்குன்னு சத்தம் வருது. கீழ உப்பு பூத்திருக்குது. கறை ஐயா போட்ட கடைசிக் கோட்டத் தாண்டி ஒரு சாண் போயிருக்குது. உடைச்சி, கீழயும் சுரண்டிட்டு, புதுசாத்தான் போடணும்."

"சுரண்டாதப்பா. மேல மட்டும் பூசிடு."

"பூசினா தண்ணி உள்ளயே நிக்கும்மா. தளத்தத் தாங்குற கட்டை உளுத்துடும். அப்புறம் சரக்கு மொத்தமும் போயிடும்."

தினமும் எழுத்தைப் பார்த்தவள் கறையைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே என்று மதனவதிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கடைசியாக ஒரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும்போல இருந்தது. கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். சாமுவேல் பதறிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

'ஆடி 9. ஒரு விரல் பெருசு.' 'ஆவணி 20. ரெண்டு விரல்.' படித்துக்கொண்டே வந்தவள் கடைசிக் கோட்டில் நின்றுவிட்டாள். 'புரட்டாசி 3. தளத்த உடைச்சே ஆகணும். மதனாகிட்ட இன்னும் சொல்லல. பயந்துப்பா.'

ஒவ்வொரு தடவை இறங்கி வரும்போதும் "ஒண்ணுமில்ல மதனா, எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்த மனுஷன்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது.

"சுரண்டிடு சாமுவேலு," என்றாள் ஏணியிலிருந்தபடியே.

"அவசரமில்லம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருங்க."

"வேணாம்பா. இப்பவாச்சும் எங்கிட்ட சொல்லிட்டாரே, அது போதும்."

இறங்கி வந்து, மேல்தட்டுப் புடவைகளைத் தன் கையாலேயே எடுத்து வேறு அறைக்குக் கொண்டுபோகத் தொடங்கினாள்.