ரோபோ போட்ட சிலுவை

கும்மிடிப்பூண்டி பம்பு கம்பெனி ஒன்றில் ஒற்றைக் கை ரோபோ வந்து இறங்கியது. அதன் கையைப் பிடித்து ஒருமுறை வேலையைச் செய்து காட்டினால் போதும், அப்படியே திருப்பிச் செய்யும். ஐந்து மணிக்குள் அதற்குப் பெட்டியில் பம்பு அடுக்கக் கற்றுக்கொடுத்தால், இருபது வருஷமாகக் கான்ட்ராக்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியமேரிக்கு ஆபரேட்டர் வேலை நிரந்தரம்.

மேரி காட்டினாள். ரோபோவும் செய்தது. ஆனால் பம்பைத் தொடுமுன் காற்றில் பெரிதாகச் சிலுவை போட்டது! சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் நாலடி எழும்பி உட்கார்ந்தது.

"இன்னாக்கா, மிஷினுக்கு ஞானஸ்நானமா?" என்றான் இஞ்சினியர் முரளி. "பெட்டிக்கு மூணு செகண்டு வேஸ்ட்டு. அழிச்சிட்டு மறுபடி காட்டுங்க."

மறுபடி காட்டினாள், மறுபடி சிலுவை. பெட்டியைத் தொடுமுன் சிலுவை போட்டே பழகிய கை, ரோபோவையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. நாற்பதாயிரம் தடவையாவது அழித்திருப்பார்கள்.

"உட்டுடுங்கக்கா, பேஜாரு."

"இன்னாத்துக்கு உடணும்? இந்த வேல எனுதுடா."

ஐந்துக்கு ஐந்து நிமிஷம். மேரி சட்டென்று ரோபோவின் கையை விட்டாள். தனக்கு நிதானமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அதன் கையைப் பிடித்துப் பெட்டியில் பம்பை அடுக்கிக் காட்டினாள்.

"என் கை கேட்டத குடுத்துட்டேன். இப்ப ஓட்டிப் பாரு."

ரோபோ நேராகப் பம்புக்குப் போனது. ஒன்று, இரண்டு, பன்னிரண்டு பம்புகள், பெட்டியையும் மூடியது.

"ஆபரேட்டரம்மா, அடுத்த பெட்டி ஓட்டட்டுமா?" என்று கேட்ட முரளி, பட்டனைத் தொடுமுன் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.