எரிந்த காட்டுக்குக் கறுப்பு

சப்பாத்தின் அடியில் இறுகிக் கிடந்த கரியை ஸ்ரனிஸ்லாஸ் கரண்டிக் காம்பால் கிண்டிக்கொண்டிருந்தார். மருமகன் கிறிகோரியின் சப்பாத்து. ஆஸ்பத்திரியில் அவனுடைய பிரேதத்துக்கு இதைத்தான் போட வேண்டும், அவனிடம் வேறு இல்லை. அவன் கடைசியாக ஏறின மலை எரிந்து இரண்டு கோடை போய்விட்டது. இன்னும் கரி விடுகிறது.

"காணும் அப்பா. ஆர் அடியைப் பாக்கப் போகினம்," என்றாள் மகள் அகஸ்ரீனா.

அவர் கிண்டினார்.

எரிந்த இடத்தில் தளிர் வரும், பன்றி அங்கேதான் மேயும் என்று முதலாளிக்குச் சொன்னதே அவர்தான். இத்தாலிக்கு வந்து அந்த முதலாளி வீட்டுத் தோட்டத்தில் ஏழு வருசம் வேலை. மன்னாரில் எரிந்த பற்றைக்குள் பன்றி அடித்த கதையை அரைகுறை இத்தாலியனில் பெருமையாக அவிழ்த்து விட்டார். அந்த மலையில் சுடக் கூடாதென்று பலகை நட்டிருந்தார்கள். முதலாளிமார் பலகை பார்ப்பதில்லை. பன்றியைத் துவக்குப் பக்கம் கலைத்துவிட ஆள் கேட்டார்கள். இவருடைய முழங்கால் மலை ஏறாது. மருமகனை அனுப்பினார்.

முதலாளி வீட்டில் சமைக்கும் எமிலியானா ஒரு கடதாசிப் பையோடு வந்தாள். "இதையும் தந்துவிட்டவை. பொலிஸ் பாத்து முடிஞ்சுதாம்."

உள்ளே தோடம்பழ நிறத்தில் கையில்லாத மேற்சட்டை. வேட்டைக்குப் போகிற ஆள் தூரத்தில் தெரிவதற்குப் போடுவது. ஓட்டை இல்லை. இரத்தம் இல்லை.

"கல்லுக்குக் கீழை மடிச்சுக் கிடந்ததாம். கிறிகோரி கறுப்புச் சேட்டோட கரிஞ்ச மரங்களுக்குள்ளை நிண்டவராம். முதலாளி பண்டி எண்டு நினைச்சுச் சுட்டவராம்."

"பொய்," என்றாள் அகஸ்ரீனா. "றோட்டிலை ஒரு வாகனமும் இல்லாட்டிலும் பச்சை லைற் விழுமட்டும் நிக்கிற மனிசன். போடச் சொன்னதைக் கழட்டுவாரே? சுட்டுப்போட்டுக் கதை கட்டினம். அந்தாளை நம்பாதை எண்டு நீங்கள்தானே அப்பா சொல்லுறனீங்கள்."

சொல்கிறவர்தான். முதலாளி சிரித்தாலும் நம்பமாட்டார், கோப்பி ஊற்றித் தந்தாலும் நம்பமாட்டார். இந்த ஒரு விசயத்தில் அந்த ஆள் உண்மை சொல்லியிருந்தான்.

அன்று விடியற்காலை வாசலில் வைத்து மருமகனிடம் சொன்னார்: "உந்தச் சட்டையைப் போட்டால் பண்டி எட்டத்திலையே திரும்பிடும். அங்கை போய்க் கழட்டிக் கல்லுக்குக் கீழை வை. எரிஞ்ச காட்டுக்குக் கறுப்புத்தான்."

மன்னாரில் ஒரே ஒரு துவக்கு, அதுவும் அவர் கையில். இங்கே பதினொரு துவக்கு. எத்தனை பேர் சுடப் போகிறார்கள் என்று அவர் கேட்டறியவில்லை.

"ஓம் மாமா," என்றான் கிறிகோரி. எதற்கும் அவன் அதுதான் சொல்வான்.

"நாளைக்குப் பொலிசுக்குப் போறன்," என்றாள் அகஸ்ரீனா. " நீங்களும் வரவேணும் அப்பா. அவர் கழட்டுற ஆளில்லை எண்டு நீங்கள் சொல்லவேணும்."

எமிலியானா நிலத்தைப் பார்த்தாள்.

"பிள்ளை," என்று தொடங்கினார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். நான்கு நாளாக நித்திரை இல்லாத கண்.

"அவங்கள் பொய்யங்கள்தான்," என்றார்.

ஏழு வருசம் பழகின பேச்சு. தடக்காமல் வந்தது.

கீழே ஒழுங்கைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் வந்து நின்றது. அகஸ்ரீனா சப்பாத்தைப் பையில் போட்டாள். கதிரையில் கிடந்த இரவல் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தாள்.

"போடுங்கோ. இஞ்சை செத்தவீட்டுக்குக் கறுப்புத்தானே."

வலது கை உள்ளே போய்விட்டது. இடது கைக்கு வழி அகப்படவில்லை. அவள் பின்னால் நின்று அவருடைய விரல்களைப் பிடித்து உள்ளே நுழைத்தாள். பிறகு முன்னால் வந்து பொத்தான்களைப் பூட்டினாள். அவர் விரலில் இருந்த கரி அவள் கையிலும் ஒட்டியிருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் கழுத்துப் பொத்தானையும் பூட்டினாள்.